சசூன் குடும்பத்தின் மும்பை: ஒரு ஞாயிறு காலை வரலாற்று நடையின் மதிப்புரை

மும்பையின் யூதக் கொடையாளர்களும் பொதுவாழ்வுத் தலைவர்களும் இந்த நகரத்துக்கு விட்டுச் சென்றவற்றைக் காட்டுவதாக அறிவித்திருந்த ஒரு வழிகாட்டி நடையில், சென்ற ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அப்பாவோடு கலந்துகொண்டேன். காலை 6.30 மணிக்குச் சசூன் துறையில் தொடங்கி, காலா கோடா வழியாகச் சென்று, பைகுல்லாவில் 11 மணிக்கு முடியும் நடை அது. இடையில் ஒரு வேன் பயணம், ஓர் இரானி ஹோட்டலில் பன் மஸ்காவும் சாயும், ஜெப ஆலயங்களின் நுழைவுக் கட்டணம் ஆகியவை சேர்த்து ஆளுக்கு 1,800 ரூபாய் வாங்கினார்கள். நடத்தியவர்களின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நல்லெண்ணத்தோடு நடத்தும் சிறிய குழு அது. நான் சொல்லப்போகும் குறையும் அவர்களுக்கு மட்டும் உரியதன்று, இந்த வரலாற்றைப் பொதுவாக நாம் சொல்லும் முறைக்கே உரியது.

சசூன் துறையை முதலில் வைத்தது நல்ல யோசனை. கொலாபாவில் கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் 1875இல் ஆல்பர்ட் சசூன் கட்டிய கப்பல்துறை இது. பம்பாயில் கப்பல்கள் நீரில் மிதந்தபடியே நின்று சரக்கு ஏற்றி இறக்குவதற்கென்று அமைந்த முதல் துறை. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு ஐரோப்பாவுக்கான கடல்வழி சுருங்கிப்போனதால், பம்பாய்க்கு அப்படியொரு துறை உடனடியாகத் தேவைப்பட்டது. அரசு தயங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு தனி வணிகர் தம் பணத்தைப் போட்டுக் கட்டினார். இன்று அது மீன்பிடித் துறை. நாங்கள் போனபோது ஏலம் முடியும் தறுவாயில் இருந்தது. கோலி இனப் பெண்கள் ஈரத் தரையில் வரிசையாகக் குந்தி, கண்ணால் பார்க்காமலே இறாலை உரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தரை முழுதும் ஐஸ் தண்ணீரும் செதிலும் கிடந்ததால், பிடிமானமுள்ள செருப்பு அணிந்து வரும்படி முன்பே சொல்லியிருக்கலாம். வயதான அப்பாவைக் கையைப் பிடித்துத்தான் அழைத்துச் சென்றேன்.

இங்கேதான் எனக்கு முதல் மனக்குறை ஏற்பட்டது. வழிகாட்டியாக வந்த இளம்பெண், ஆல்பர்ட்டின் தந்தை டேவிட் சசூனின் வாழ்க்கையை அழகாகத்தான் தொடங்கினார். 1792இல் பாக்தாதில், அரசுக் கருவூலப் பொறுப்பை வகித்துவந்த ஒரு குடும்பத்தில் பிறந்தவர். ஆளுநர் தாவூத் பாஷாவின் கொடுமைக்கு அஞ்சிப் பாரசீக வளைகுடாவின் புஷெர் நகரத்துக்குத் தப்பியவர். 1830களின் தொடக்கத்தில் பம்பாய்க்கு வந்து சேர்ந்தவர். இவ்வளவையும் தெளிவாகச் சொன்னவர், அடுத்ததாக, ‘ஏற்றுமதி வணிகத்தில் பெரும் செல்வம் ஈட்டினார்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். என்ன ஏற்றுமதி என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். பருத்தி என்றார். வேறென்ன என்று மறுபடி கேட்ட பிறகே, அபின் என்ற சொல் குரலைத் தாழ்த்தி வந்தது.

தாழ்ந்த குரலில் சொல்ல வேண்டிய செய்தியன்று அது. மாளவப் பகுதியில் விளைந்த அபின் பம்பாய்த் துறைமுகம் வழியாகச் சீனாவுக்குப் போனது. அந்த வணிகத்தில் சசூன் நிறுவனம் படிப்படியாக உயர்ந்து, 1870களில் முதன்மையான இடத்தைப் பிடித்தது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அமெரிக்கப் பருத்தி வராமல் இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகள் தவிக்க, பம்பாய்ப் பருத்தியின் விலை ஏறியதில் வந்த செல்வமும் இருந்தது. ஆனாலும் அபினை விட்டுவிட்டு இந்தக் குடும்பத்தின் கொடையைப் பேசினால் பாதிக் கதைதான் பேசியதாகும். அவர்கள் மட்டும் இதில் தனியாகவும் இல்லை. மருத்துவமனையும் கலைப் பள்ளியும் தந்த பார்சி வள்ளல் ஜம்சேட்ஜி ஜீஜீபாயின் செல்வத்திலும் அதே வணிகத்துக்குப் பெரும் பங்குண்டு. சீனத்தில் எத்தனையோ குடும்பங்களைச் சீரழித்த பணம் பம்பாயில் நோயாளிக்குக் கட்டிலாகவும் ஏழை மாணவனுக்குப் புத்தகமாகவும் மாறியது என்பதைத் தெரிந்துகொண்டே அந்தக் கட்டடங்களுக்குள் நுழைய வேண்டும் என்று நான் கருதுகிறேன். கட்டணம் கொடுத்து வருகிறவர்கள் அதைத் தாங்கிக்கொள்வார்கள்.

காலா கோடாவுக்கு வேனில் வந்தோம். கருப்புக் குதிரை என்று பொருள்படும் அந்தப் பெயருக்குக் காரணமான, வேல்ஸ் இளவரசரின் குதிரைச் சிலை ஆல்பர்ட் சசூன் நகருக்குக் கொடுத்தது. 1879இல் திறக்கப்பட்டு, 1965இல் அகற்றப்பட்டு, இப்போது பைகுல்லா உயிரியல் பூங்காவில் நிற்கிறது. சிலை போன பிறகும் பெயர் போகவில்லை. 2017இல் சவாரி செய்வார் யாருமில்லாத ஒரு புதிய குதிரையை அங்கே நிறுத்தினார்கள்.

பக்கத்துத் தெருவிலுள்ள கெனெசெத் எலியாகூ ஜெப ஆலயம், ஜேக்கப் சசூனும் அவருடைய சகோதரர்களும் தந்தை எலியாஸின் நினைவாக 1884இல் கட்டியது. நுழைவாயிலில் அடையாள அட்டை பார்க்கிறார்கள், பையைச் சோதிக்கிறார்கள். 2008 நவம்பரில் கொலாபாவின் நரிமன் இல்லத்தில் யூதர்கள் கொல்லப்பட்டதை நினைத்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். அப்பா வேட்டிக்காரர், தோள் துண்டையே தலையில் கட்டிக்கொண்டார். பல ஆண்டுகள் வெளிர் நீலமாக இருந்த கட்டடத்தை 2019இல் சீரமைத்து முடித்தபோது பழைய கருநீலமும் வெள்ளையும் திரும்பியிருக்கின்றன. இங்கிலாந்திலிருந்து வந்த மின்டன் தரை ஓடுகளின் மேல் வண்ணக் கண்ணாடி வழியாகக் காலை ஒளி விழும் நேரத்தில் எங்களை அழைத்துப்போனதற்காக நடத்தியவர்களைப் பாராட்ட வேண்டும். பத்து நிமிடம் யாரும் பேச வேண்டாம் என்று வழிகாட்டி கேட்டுக்கொண்டதும் நன்றாக இருந்தது.

இந்த நடையின் சிறந்த பகுதி டேவிட் சசூன் நூலகம். அதற்கே தனியாக ஒரு மதிப்புரை எழுதலாம். அரசு நாணயச் சாலையிலும் கப்பல் கட்டும் தளத்திலும் வேலை பார்த்த தொழில்வினைஞர்கள், தொழில்நுட்ப நூல்களைப் படிக்கவும் உரைகள் கேட்கவும் 1847இல் ஒரு கழகம் தொடங்கினார்கள். இருக்க இடமில்லாத அந்தக் கழகத்துக்குக் கட்டடம் வேண்டி டேவிட் சசூன் 60,000 ரூபாய் கொடுத்தார். மஞ்சள் நிற மாலாட் கல்லில் வளைவுகளும் தூண்களுமாக எழுந்த கட்டடம் 1870இல் முடிந்தபோது மொத்தச் செலவு 1,25,000 ரூபாய் ஆகியிருந்தது. கொடுத்தவர் அதைப் பார்க்கவில்லை. 1864இலேயே புணேயில் இறந்துவிட்டார்.

நுழைவுக் கூடத்தில் தாமஸ் உல்னர் செதுக்கிய அவருடைய வெண்பளிங்குச் சிலை நிற்கிறது. தலைப்பாகையும் நீண்ட அங்கியுமாகப் பாக்தாதுக்காரராகவே நிற்கிறார். பம்பாயில் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும் அவர் உடையை மாற்றவில்லை. 1853இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றபோதுகூட ஹீப்ரு எழுத்தில்தான் கையெழுத்திட்டார். அப்படி வாழ்ந்த ஒருவருடைய கொடையால், இந்தியத் தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் ஆங்கில நூல்கள் கைக்கெட்டும் தூரத்தில் வந்தன என்பதை வழிகாட்டி எடுத்துச் சொன்ன விதம் எனக்கு மிகவும் பிடித்தது. சசூன் துறையில் தயங்கிய அதே பெண்தான், இங்கே வந்ததும் ஒரு தாளையும் பார்க்காமல் பேசினார்.

மாடியின் முன்தாழ்வாரத்தில், சாலையைப் பார்த்தபடி, கை நீண்ட சாய்வு நாற்காலிகளைப் போட்டிருக்கிறார்கள். என் அப்பா கும்பகோணத்திலிருந்து 1971இல் தட்டச்சும் சுருக்கெழுத்தும் தெரிந்த ஒரே தகுதியோடு இந்த ஊருக்கு வந்தவர். மாட்டுங்காவில் ஓர் அறையில் ஐந்து பேரோடு தங்கி, மெஸ்ஸில் சாப்பிட்டு, ஃபோர்ட் பகுதியில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தார். அறைக்குப் போனால் படுக்கப் பாய் விரிக்கத்தான் இடமுண்டு, உட்கார்ந்து படிக்க இடமில்லை என்பதால், அலுவலகம் விட்டதும் இந்த நூலகத்துக்கு வந்துவிடுவாராம். இதை எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார், நானும் பாதிக் காதில் கேட்டிருக்கிறேன். அன்று அவர் யாரையும் கேட்காமல் கடைசி நாற்காலிக்கு நேராகப் போய் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியின் நீண்ட கைகளின் மேல் இரண்டு காலையும் தூக்கிப் போட்டுக்கொண்டார். கைப்பிடியின் வளைந்த நுனியைக் கட்டைவிரலால் தடவியபடியே இருந்தார். “நாலு வருஷம் இங்கதாம்மா இருந்தேன். ஒருத்தர்கூட எழுந்திருன்னு சொன்னதில்லை” என்றார். ஒரு நகரம் வெளியூரிலிருந்து வந்தவனை அப்படி உட்காரவிட்டது என்பதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

கட்டடத்தைச் சீரமைத்து 2023இல் மீண்டும் திறந்தார்கள். பிற்காலத்தில் போட்டிருந்த கான்கிரீட் தளத்தை எடுத்துவிட்டு, பழையபடி சரிவான ஓட்டுக் கூரையைக் கொண்டுவந்திருப்பதால் மேல்தளத்து வாசிப்பறை உயரமாகவும் காற்றோட்டமாகவும் இருக்கிறது. பின்புறம் சிறு தோட்டம் உண்டு. நடையில் இங்கே ஒதுக்கிய 40 நிமிடம் போதாது. குறைந்தது ஒரு மணி நேரமாவது தேவை. அதற்காகச் சசூன் துறையில் செலவிடும் நேரத்தைக் குறைத்தாலும் யாரும் வருத்தப்படமாட்டார்கள்.

நூலகத்தின் சுற்றுப்புறத்தைப் பற்றியும் கொஞ்சம் பேசியிருக்கலாம். நடந்துபோகும் தொலைவிலேயே 1920இல் தொடங்கிய அறிவியல் கல்லூரி இருக்கிறது. அதைக் கட்டப் பணம் கொடுத்தவர்களில் யூதரான ஜேக்கப் சசூனும், பார்சியான கவாஸ்ஜி ஜஹாங்கீரும், கோஜா முஸ்லிமான கரீம்பாய் இப்ராகிமும், இந்துவான வசன்ஜி மூல்ஜியும் உண்டு. ஒரே வளாகத்துக்கு நான்கு சமயத்தார் சேர்ந்து கொடுத்தது இந்த நகரத்தின் இயல்பை நன்றாகக் காட்டும் செய்தி. யாரும் நின்று பார்க்காமல் அதைக் கடந்து வேனில் ஏறினோம்.

என்னுடைய பெரிய மனக்குறைக்கு இப்போது வருகிறேன். காலா கோடாவிலிருந்து பைகுல்லாவுக்குப் போகும் வேன் மகாபாலிகா சாலை வழியாகப் போய், ஜே.ஜே. மேம்பாலத்தில் ஏறியது. அந்தப் பத்து நிமிடப் பயணத்தில் வழிகாட்டி தண்ணீர் பாட்டில்களைக் கொடுத்து, பிறகு கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்தச் சாலையின் ஓரமாகவே, எங்கள் கையில் இருந்த அச்சிட்ட தாளின் தலைப்பான ‘மும்பையின் யூதத் தலைவர்கள்’ என்பதற்குப் பொருத்தமான மூன்று வாழ்க்கைகள் கடந்துபோயின.

முதலாவது, மாநகராட்சிக் கட்டடம். 1937–38இல் பம்பாய் மேயராக இருந்தவர் டாக்டர் எலிஜா மோசஸ். வொர்லிப் பக்கம் போகிற ஒவ்வொருவரும் ‘டாக்டர் இ. மோசஸ் சாலை’ என்ற பெயர்ப் பலகையைப் பார்க்கிறோம், அவர் ஒரு யூதர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? இரண்டாவது, அதே சாலையிலுள்ள காமா மருத்துவமனை. டாக்டர் ஜெருஷா ஜிராத் லண்டனில் மகப்பேறு மருத்துவத்தில் உயர்பட்டம் பெற்றுத் திரும்பி, 1928 முதல் 1947 வரை அந்த மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். பிரசவத்தில் தாய்மார்கள் ஏன் இறக்கிறார்கள் என்பதை இந்நாட்டில் முறையாக ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர். 1966இல் பத்மஸ்ரீ பெற்றார். என் அக்கா பிறந்தது அந்த மருத்துவமனையில்தான் என்பதால், அந்தப் பெயரை அங்கே சொல்லிக் கேட்க நான் ஆசைப்பட்டேன். மூன்றாவது, மேம்பாலத்திலிருந்து வலப்பக்கம் கூரைகளுக்குப் பின்னால் மறைந்துகிடக்கும் சாமுவேல் தெரு. அங்கே 1796இல் சாமுவேல் எசக்கியேல் திவேகர் கட்டிய ‘இரக்கத்தின் வாயில்’ என்னும் ஜெப ஆலயம் இன்றும் இருக்கிறது. மும்பையின் மிகப் பழைய ஜெப ஆலயம் அதுதான். திவேகர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரியாக இருந்தவர். மைசூர்ப் போரில் திப்பு சுல்தானிடம் சிறைப்பட்டு, உயிரோடு திரும்பியதற்கு நன்றியாக அதைக் கட்டினார் என்பது அந்தச் சமூகத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மஸ்ஜித் ரயில் நிலையத்தின் பெயரே இந்த ஆலயத்தைக் குறித்து வந்தது என்று சொல்வாரும் உண்டு.

இந்த மூவரும் பெனே இஸ்ரேல் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். சசூன் குடும்பத்தாரைப் போன்ற பாக்தாதி யூதர்கள் பம்பாய்க்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே கொங்கணக் கரையில் வாழ்ந்தவர்கள், மராத்தி பேசுகிறவர்கள், செக்காட்டி எண்ணெய் எடுப்பதைத் தொழிலாகக் கொண்டு, ஓய்வுநாளான சனிக்கிழமை மட்டும் செக்கை நிறுத்திவிடுவதால் ‘சனிவார் தேலி’ என்று ஊராரால் அழைக்கப்பட்டவர்கள். நம் ஊரில் சனிக்கிழமை செக்கு ஓட்டாத வாணியர் என்று ஒரு தெரு இருந்திருந்தால் எப்படியோ, அப்படி. நகரத்துக்கு வந்த பிறகு அவர்களில் பலர் படைவீரர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் உழைத்தார்கள். 60,000 ரூபாய் கொடுக்க அவர்களிடம் பணம் இல்லை. ஹயீம் சாமுவேல் கெகிம்கர் 1875இல் தம் சமூகப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி பிற்காலத்தில், பொருளுதவி செய்த பாக்தாதி யூத வணிகர் எல்லி கடூரியின் பெயரைத் தாங்கியது. மசகாவில் இன்றும் அந்தப் பெயரில்தான் நடக்கிறது. தொடங்கியவர் பெயர் வாயிலில் இல்லை. கொடுத்தவருக்குக் கல்வெட்டு கிடைக்கிறது, ஆயுளைக் கொடுத்தவருக்கு அது கிடைப்பதில்லை என்ற இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் இப்படிப்பட்ட நடைகள் வேண்டும். இதுவோ கல்வெட்டு இருக்கும் இடங்களில் மட்டும் நின்றது.

இது பணக்காரர்களைக் குறை சொல்லும் பேச்சாகிவிடக் கூடாது. நகராட்சிப் பொறுப்பும் ஒரு வகைக் கொடைதான் என்பதை நாமே நன்கு அறிவோம். சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கியபோது அதன் முதல் ஆல்டர்மேன்களில், அதாவது மூத்த மன்ற உறுப்பினர்களில், யூத வணிகர்களும் இருந்தார்கள். பவளமும் வைரமும் விற்றவர்கள். அவர்களை நினைவூட்ட இன்று ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு என்னும் பெயர் இருக்கிறது. நேரம் ஒதுக்கி யாரும் சொல்லாவிட்டால் மும்பையிலும் அப்படித்தான் ஆகும்.

பைகுல்லாப் பகுதி நன்றாக அமைந்திருந்தது. 1860களின் தொடக்கத்தில் டேவிட் சசூன் கட்டிய மாகென் டேவிட் ஜெப ஆலயம், உயர்ந்த மணிக்கூண்டோடு பெரிய வளாகத்தில் நிற்கிறது. அதை ஒட்டியே சசூன் குடும்பத்தார் நடத்திய பள்ளி. பாக்தாதி யூதப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியில் இன்று படிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அக்கம்பக்கத்து முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள். யூதர்களில் பலர் இஸ்ரேலுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்ட பிறகும் பள்ளியை மூடாமல் நடத்துவதை வழிகாட்டி மனமார எடுத்துச் சொன்னார். சசூன் குடும்பத்தின் ‘சான் சூசி’ மாளிகை மசினா மருத்துவமனையாகிவிட்டதால், அதை வெளியிலிருந்து மட்டும் பார்த்தோம்.

அங்கே நின்றுதான் அவர் பிளேக் கதையைச் சொன்னார். 1896இல் மாண்ட்வியில் தொடங்கிய கொள்ளைநோய் நகரத்தையே காலி செய்துகொண்டிருந்தபோது, ஒடெஸாவில் பிறந்த யூதரான வால்டிமர் ஹாஃப்கின் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் கிடைத்த சிறு இடத்தில் தடுப்பூசியைத் தயாரித்து, 1897 ஜனவரி 10 அன்று முதலில் தம் உடம்பிலேயே செலுத்திக்கொண்டார். பிறகு பைகுல்லாச் சிறையில் தாமாக முன்வந்த கைதிகளுக்குப் போட்டார். ஊசி என்றாலே ஊர் அஞ்சிய காலத்தில், கணவர் சாலமன் 1894இல் இறந்த பிறகு சசூன் நிறுவனத்தின் பம்பாய்ப் பொறுப்பைத் தாமே ஏற்று நடத்திவந்த ஃப்ளோரா சசூன் அந்த முயற்சிக்குத் துணை நின்றார். ஓர் ஆய்வாளரும், ஒரு வணிகக் குடும்பத்தின் விதவையும், பெயர் தெரியாத கைதிகளும் ஒரே கதைக்குள் வந்தார்கள். வேனில் மௌனமாக வந்த பத்து நிமிடத்திலும் இப்படிப் பேசியிருந்தால் எனக்குச் சொல்ல ஒரு குறையும் இருந்திராது.

கலந்துகொள்ள விரும்புவோருக்குச் சில செய்திகள். மழைக்காலத்தில் வேண்டாம், நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. சனிக்கிழமை ஓய்வுநாள் என்பதால் ஜெப ஆலயங்களைச் சுற்றிப் பார்க்க முடியாது. அசல் அடையாள அட்டை எடுத்துச் செல்லுங்கள். மொத்தம் மூன்று கிலோமீட்டருக்குள்தான் நடக்க வேண்டியிருக்கும், என்றாலும் நூலகத்தில் மாடிப்படி உண்டு. எங்கள் குழுவில் 14 பேர் இருந்தோம்; சாலை இரைச்சலில் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லை. பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதானால் காதில் மாட்டும் ஒலிக்கருவி கொடுப்பது அவசியம். கொடுத்த 1,800 ரூபாய்க்கு நூலகமும் கெனெசெத் எலியாகூவுமே ஈடு செய்துவிடும் என்பதால், குறைகளோடும் இந்த நடையைப் பரிந்துரைக்கிறேன்.

நடை முடிந்ததும் என் கருத்துகளை வழிகாட்டியிடம் நேரில் சொன்னேன். அவர் குறிப்பேட்டை எடுத்து, மோசஸ், ஜிராத், திவேகர், கெகிம்கர் என்று நான்கு பெயர்களையும் எழுதிக்கொண்டார். சாமுவேல் தெருவைச் சேர்த்து இரண்டாவது நடை ஒன்று தொடங்க எண்ணமிருப்பதாகவும், ஆறு பேராவது பதிவு செய்தால் மார்ச் மாதத்துக்குள் நடத்திவிடலாம் என்றும் சொன்னார். அப்பாவின் பெயரையும் என் பெயரையும் அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். இன்னும் நான்கு பேர் வேண்டும்.